நூற்றுக்கு நூறு வாங்கிய கேன்டீன்

பள்ளிக் கேன்டீன் நடத்திய பாய் அன்று என் முன்னால் எடுத்து வைத்த கண்ணாடிச் சாடி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கலர் கலராக மிட்டாய் போட்டு வைத்திருந்த சாடி அது. போன தடவை நான் வந்தபோது பார்த்து முகம் சுளித்திருந்தேன். இப்போது அதில் வறுத்த வேர்க்கடலை இருந்தது. "இன்னா மேடம் அப்படிப் பாக்குறீங்க, தொறந்து பாருங்க, கடலதான்," என்று சிரித்தார்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஒரு கல்லூரியின் மனையியல் துறை நடத்திய கணக்கெடுப்பில் எனக்கு வேலை. தாம்பரத்தைச் சுற்றிப் பள்ளி பள்ளியாகப் போய், ஆரோக்கிய உணவு விதிகளைக் கேன்டீன்காரர்கள் மதிக்கிறார்களா என்று பார்த்து மார்க் போட வேண்டும். பொரித்த பண்டம் உண்டா, சாயத் தண்ணீர் உண்டா, பழம் கண்ணில் படும் இடத்தில் இருக்கிறதா. நான் வருகிற செய்தி எப்படியோ முன்கூட்டியே போய்விடும். சிப்ஸ் பாக்கெட்டுகள் அரிசி மூட்டைக்குப் பின்னால் பதுங்கிக்கொள்ள, கவுண்டரில் நாலு வாழைப்பழம் புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். நானும் லேசுப்பட்டவள் இல்லை, மூட்டையை நகர்த்தாமல் வந்ததில்லை. என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட கேன்டீன்காரர் பம்மல் பள்ளியில் இருந்த இந்த பாய் ஒருவர்தான்.

அவருடைய சமோசாவுக்கு வாத்தியார்களே வரிசையில் நின்ற காலம் உண்டு. அதை நிறுத்தச் சொன்னது அவர் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சர்க்கரை நோயில் கால் விரல் ஒன்றை எடுத்திருந்தார்கள், வீட்டை விட்டு அதிகம் வெளியே வர முடியாது. விதிகள் வந்த அன்று, "என் வெரலு போனதோட போவட்டும். நம்ம கையால இந்தப் புள்ளைங்களுக்கு இது வர வேணாம்," என்றாராம். அதன் பிறகு விடியலில் எழுந்து சுண்டல் அவிப்பதும் கேழ்வரகு அடை தட்டுவதும் அக்காவின் வேலை, பள்ளிக்கு எடுத்துப் போய் விற்பது பாயின் வேலை.

நூற்றுக்கு நூறு போட்டேன். அதுவரை யாருக்கும் போட்டதில்லை. காலை பிரேயரில் பாயை மேடைக்குக் கூப்பிட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அவர் கண் கலங்கிவிட்டது.

ஆனால் நாங்கள் அளந்ததெல்லாம் பள்ளி கேட்டுக்கு உள்ளேதான். இன்டர்வெல் மணி அடித்ததும் பிள்ளைகள் கேன்டீனைத் தாண்டி ஓடி, கேட்டுக் கம்பி வழியாகக் கையை நீட்டி, வெளியே நின்ற தள்ளுவண்டிகளில் வாங்கித் தின்றார்கள். பாயின் சுண்டல் அப்படியே மிஞ்சியது. எங்கள் கேள்விகளில், பிள்ளைகள் இதைச் சாப்பிடுகிறார்களா என்ற ஒன்று மட்டும் இல்லை. அத்தனை படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்தும் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

அடுத்த வருஷம் போனபோது கேன்டீன் பூட்டிக் கிடந்தது. வியாபாரம் படுத்துவிட்டது, வாடகை கொடுக்க முடியாமல் விட்டுவிட்டார் என்று பி.டி. மாஸ்டர் சொன்னார். வெளியே வந்தேன். கேட்டோரத் தள்ளுவண்டி ஒன்றில், கம்பி வழியாக நீண்ட கைகளில் கடைச் சமோசாவும் சிவப்பு ஐஸும் கொடுத்துக்கொண்டிருந்தவர் பாய்.

என்னைக் கண்டதும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "எழுதிக்கோங்க மேடம். இன்னா பண்றது, அவளுக்கு ஊசி வாங்கணுமே." பிறகு குனிந்து, வண்டிக்கு அடியில் இருந்த தூக்குவாளியை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே சுண்டல், யாரும் கை வைக்காமல். கேன்டீன் போனதே அக்காவுக்குத் தெரியாது. தினமும் அவித்துக் கொடுக்கிறார். இவர் சாயந்திரம் பல்லாவரம் ஸ்டேஷன் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் காலித் தூக்கோடு வீட்டுக்குப் போகிறார்.

"நீங்க எங்க வேணா சொல்லிக்கோங்க. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மேடம்," என்றார். அதற்குள் இன்னொரு கை கம்பி வழியாக நீண்டது. அவர் திரும்பிக்கொண்டார்.

அவ்வளவு தூரம் போய்விட்டு அக்காவைப் பார்க்காமல் வர மனசு கேட்கவில்லை. வீட்டில் அக்கா கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, மறுநாளுக்காகக் கொண்டைக்கடலையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். எதிர்ச் சுவரில் சான்றிதழ் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது.

"ஸ்கூலுக்குப் போய்ட்டுத்தான் வர்றீங்களா? புள்ளைங்க நல்லா சாப்புடுதுங்களா மேடம்?"

"நல்லா சாப்பிடுறாங்கக்கா."

"மிஞ்சுதா?"

"இல்லக்கா. பத்தவே மாட்டேங்குது."

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "அதான், தூக்கு தெனமும் காலியா வருது," என்று சொல்லி, டப்பாவை இழுத்து, இன்னும் ரெண்டு பிடி கடலையை அள்ளி ஊறப்போட்டார்.