வாக்கப்பட்டா வாங்கிக்கோ

திருப்போரூர் மார்க்கெட்டில் வச்சலாவிடம் மீன் வாங்கினால் சினிமாக்காரர்களின் குடும்ப விவகாரமும் இனாமாகக் கிடைக்கும். எந்த நடிகன் யாரோடு சுற்றுகிறான், எந்தப் புதுப் பாட்டு எந்தப் பழைய பாட்டின் மெட்டு, எவள் எவனை விட்டுவிட்டுப் போனாள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. எப்படித் தெரியும் என்று கேட்டால், ஈசிஆர் பங்களாக்களில் சமைக்கிறவர்கள் என்னிடம்தானே மீன் வாங்குகிறார்கள் என்பாள். அந்தச் சமையல்காரர்களுக்கே தெரியாததையும் அவள் சொல்வாள் என்பது வேறு விஷயம். கத்தி ஒரு பக்கம் செதிலைச் சீவும், வாய் ஒரு பக்கம் ஆளைச் சீவும்.

அந்த வாயைத் தேடித்தான் ஆகிப் மைக்கோடு வந்தான். கோவளத்துக்காரன், யூடியூபில் மக்கள் கருத்து கேட்டுப் போடுகிறவன். ஒரு பெரிய இசையமைப்பாளர் கைநீட்டுகிறார் என்று அவர் மனைவி விவாகரத்து கேட்டிருந்த நேரம் அது. டீக்கடைக்கு டீக்கடை அதே பேச்சு.

"அக்கா, இதப் பத்தி உங்க கருத்து?"

வச்சலா சங்கரா மீனின் செவுளைப் பிடுங்கிக்கொண்டே சொன்னாள். "இன்னா கொற அவளுக்கு? காரு கீது, பங்களா கீது, கூப்ட்ட கொரலுக்கு ஆளு கீது. புருசன் கோவத்துல ஒண்ணு வெச்சா கோர்ட்டுக்கா ஓடுவ? பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆவணும். வாக்கப்பட்டா வாங்கிக்கோ, வாய மூடி வாழ்ந்துக்கோ!"

கடைசி வரிக்கு மீனைப் பலகையில் பட்டென்று ஓர் அடி அடித்தாள். அந்த அடிதான் வினை. எவனோ ஒருவன் அதற்குக் கானா தாளம் சேர்த்து, அந்த வரியையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பாட்டாக்கிவிட்டான். ஷேர் ஆட்டோ, காதுகுத்து, கல்யாண ஊர்வலம் என்று கரையோரமெல்லாம் வச்சலாவின் குரல். மாமல்லபுரம் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி அவளோடு செல்பி எடுத்துக்கொண்டார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மகள் ஷீலாவுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. மாப்பிள்ளை ஹரிகிருஷ்ணன், மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பம், சொந்தப் படகு வைத்திருந்தான். மாமியார் கூப்பிட்டால் அடிப்பதற்கென்று அந்தப் பாட்டையே தன் போனில் ரிங்டோனாக வைத்துக்கொண்டான். ஷீலாவின் போன் உடைந்துவிட்டது என்று அவன் சொல்லியிருந்ததால், மகளோடு பேச வச்சலா அவன் நம்பருக்குத்தான் அடிப்பாள். "அத்த, நீ கூப்ட்டா வூடே ஆடுது" என்பான். எவ்வளவு பாசமான பிள்ளை என்று மார்க்கெட் பூராவும் சொல்லித் திரிந்தாள் பாவி.

போன ஆனி மாதம் ஷீலா திருவிடந்தைக் குப்பத்து வீட்டு வாசலில் வந்து நின்றாள். உதடு கிழிந்திருந்தது. ஒரு கண்ணைத் திறக்க முடியவில்லை. மாற்றுப் புடவைகூட எடுத்துக்கொள்ளாமல் வந்திருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் பஞ்சாயத்தைக் கூட்டினார்கள். குப்பத்தில் பஞ்சாயத்து வைத்ததுதான் சட்டம். மீறினால் அந்த வீட்டுப் படகில் ஏற ஆள் வராது, நல்லது கெட்டதுக்கு யாரும் வாசலை மிதிக்க மாட்டார்கள். பெண்கள் ஓரமாக நிற்கலாம், பேசுவதற்கு ஆண்பிள்ளை வேண்டும். வச்சலாவின் புருஷன் எல்லப்பனோ யார் எது சொன்னாலும் சரி என்கிற மனுஷன். "பொண்ணு மேல கைய வெச்சிக்கீறான்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஹரிகிருஷ்ணன் ஒரு ஸ்பீக்கரோடு வந்திருந்தான். சிரித்துக்கொண்டே அதை நடுவில் வைத்துப் பாட்டைப் போட்டான்.

மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் சிரித்தது. எல்லப்பனின் பங்காளிகளும் சிரித்தார்கள். ஒருவர் பழக்கதோஷத்தில் தொடையில் தாளம்கூடப் போட்டார்.

"எல்லப்பா, நாங்க இன்னா சொல்றது?" என்றார் தலைவர். "உன் வூட்டுக்காரியே தீர்ப்பு சொல்லிட்டா."

"அது சினிமாக்காரிய சொன்னதுங்க!" என்று வச்சலா ஓரத்திலிருந்து கத்தினாள்.

"சினிமாக்காரிக்கு ஒரு நாயம், உம் பொண்ணுக்கு ஒரு நாயமா?"

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வந்து ஷீலாவை அழைத்துப்போவது என்று முடிவாயிற்று. நுணல் தன் வாயால் கெட்டது என்பார்கள். இவள் வாயால் கெட்டது பெற்ற பெண்.

மறுநாளே ஆகிப்பைக் கூப்பிட்டு, அந்தப் பாட்டை எடுத்துவிடச் சொன்னாள். நல்ல பையன், அவன் தன் வீடியோவை எடுத்தும்விட்டான். "ஆனா பாட்டு எங்கைல இல்லக்கா. யார் யாரோ போட்டுக்கீறாங்க" என்றான். அப்படியென்றால் நான் சொன்னது தப்பு என்று பேசுகிறேன், அதையும் போடு என்றாள். பேசினாள். அழுதாள். அதைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். அவர்களும் பழைய டயலாக்கைச் சொல்லுங்கக்கா என்று கீழே எழுதியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. வச்சலா தன் புடவைகளிலேயே நல்லதாகப் பார்த்து மகளுக்காக ஒரு பையில் அடுக்கினாள். ஊரைப் பகைத்துக்கொண்டு எங்கே போய் வாழ்வது? அடுக்க அடுக்க ஆத்திரம் பொங்கியது. யார் மேல் என்று தெரியாமல் மகள் மேலேயே காட்டினாள்.

"இவ்ளோ நாளு அடி வாங்கிக்கினு கீற. ஒரு வார்த்த எங்கிட்ட சொன்னா இன்னாடி?"

ஷீலா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "சொல்லலாம்னுதாம்மா இருப்பேன். நீ போன் பண்ணுவ. உடனே உம் பாட்டு அடிக்கும். அத முழுசா ஓடவுட்டு, உங்கம்மா இன்னா சொல்றா கேளுன்னுட்டு அப்பறந்தான் போனக் குடுப்பான். அதுக்கு மேல உங்கிட்ட நான் இன்னாத்த சொல்றது?"

வச்சலாவின் கை பையிலேயே நின்றுவிட்டது. மகளோடு பேசப் பேசத் தனக்கு நிம்மதியாக இருந்த அத்தனை அழைப்பையும் நினைத்தாள். புடவைகளைத் தரையில் கொட்டினாள். வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமென்று போனை எடுத்து மாப்பிள்ளைக்கு அடித்தாள்.

வாசலில் அவளுடைய குரல் கேட்டது. வாக்கப்பட்டா வாங்கிக்கோ. ஷீலா மூலையோடு ஒண்டிக்கொண்டாள்.

பாட்டை முழுக்க ஓடவிட்டுத்தான் அவன் எடுத்தான். "இன்னா அத்த, வாசல்லதான் கீறேன்."

"அது ஊரான் வூட்டுப் பொண்ணுக்குச் சொன்னது, ஹரி. அவளுக்குச் சொன்னதும் தப்புதான். எம் பொண்ணு வரமாட்டா. நீ போ."

எல்லப்பன் எழுந்தார். தடுப்பார் என்றுதான் வச்சலா நினைத்தாள். அவர் போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு அதிலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார். நாளையிலிருந்து தன் படகில் ஏற ஆள் வராது என்பது அவருக்குத் தெரியும்.

வெளியே ஹரிகிருஷ்ணன் போகவில்லை. ஸ்பீக்கரைத் திண்ணையில் வைத்துப் பாட்டை முதலிலிருந்து போட்டான். தெருவே வேடிக்கை பார்க்கக் கூடியது. வச்சலா மூலையில் போய் உட்கார்ந்து, மீன் வாடை அடிக்கும் கைகளால் மகளின் காதுகளைப் பொத்தினாள். வெளியே அவள் குரல் பாடிக்கொண்டே இருந்தது.