பத்திரக்காரருக்கு வந்த நஷ்டம்

என் கணவரின் பெரியப்பா மகனுக்குக் கேரள எல்லையில், வெள்ளறடைக்குக் கீழே கொஞ்சம் நிலம் உண்டு. அவரை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். நெய்யாற்றின்கரையில் மாடி வீடு, சபையில் கமிட்டி உறுப்பினர். அந்த மண்ணில் அவர் ஒரு கன்றுகூட நட்டதில்லை. நாங்கள்தான் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்து ஏத்தன் வாழை போட்டோம்.

வாழைக்கு அரசு கொடுத்த மானியம், பத்திரம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் போகும். அத்தான் அதில் பாதியை எங்களுக்குத் தருவார். ஏதோ தர்மம் போடுகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தருவார். உரமும் முட்டுக் கம்பும் அந்தப் பாதியில்தான் வாங்கினோம்.

மானியம் முதலில் குறைந்தது. பிறகு அடியோடு நின்றது. விவசாய ஆபீசில் போய்க் கேட்டேன். "ஃபண்டு இல்லா சேச்சி" என்று சொல்லி, அங்கிருந்தவர் மின்விசிறியைக் கூட்டிவைத்தார்.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு அத்தானின் கார் வயலோரம் வந்து நின்றது. நான் சாணி உரம் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வரப்பிலேயே நின்றார்.

"மக்கா, கவர்மெண்டு காசு நின்னுபோச்சு. எனக்கு நஷ்டமாக்கும். இனி பாட்டம் கொஞ்சம் கூட்டித் தரணும்."

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. "அது வாழைக்கு வந்த காசு இல்லியா அத்தான்? நஷ்டம் எங்களுக்கு இல்லியா?"

"பத்திரம் எனக்க பேருல இல்லியா உண்டு? முடியாதுன்னா சொல்லு. கைதச்சக்கை போட ஆளு கேட்டுட்டு நிக்குது." அன்னாசிக்குத்தான் அங்கே கைதச்சக்கை என்று பேர்.

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார். அண்ணன் முறை ஆயிற்றே. நான் சாணிக் கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த மூட்டுக்கு நகர்ந்தேன்.

அந்த வருடம் உரத்தைக் குறைத்தோம். பல மரங்களுக்கு முட்டுக் கொடுக்க முடியவில்லை. குலை தள்ளிய நேரத்தில் காற்றடித்து, முட்டில்லாதவை எல்லாம் சாய்ந்தன. தப்பியவற்றில் நல்ல குலை ஒன்றை அறுப்புப் பண்டிகைக்குக் காணிக்கையாகக் கொண்டுபோனேன்.

ஆராதனைக்குப் பிறகு காணிக்கைகளை ஏலம் விட்டார்கள். என் குலைக்கு அத்தான் ஏலம் கேட்டார். யாரும் கூடக் கேட்காதபோதும் அவரே விலையை ஏற்றிக்கொண்டு போனார். கடைசியில் எழுந்து நின்று, "நம்ம விவசாயிகள நாமதான் தாங்கணும்" என்றார். சபையே கை தட்டியது. பாதிரியார் கண்களைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கவே அருவருப்பாக இருந்தது.

வெளியே வந்ததும் காரின் டிக்கியைத் திறந்துவிட்டு அத்தான் என்னைக் கூப்பிட்டார். "மக்கா, குலைய எடுத்து வை. கறை படும், அடியில சாக்கு போடு."

"நீங்க எடுத்த ஏலம். நீங்களே சுமந்து வையுங்க" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குலை படிக்கட்டிலேயே கிடந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

வீட்டில் என் கணவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவராகவே, "நிலத்த விட்டிரலாம்" என்றார். விட்டோம். அந்த நிலத்தில் இப்போது கைதச்சக்கை நிற்கிறது. என் கணவர் பனச்சமூட்டுச் சந்தையில் கூலிக்குச் சுமடு எடுக்கிறார். பெரும்பாலும் வெள்ளறடைப் பக்கத்திலிருந்து வரும் வாழைக்குலைகள்.