முதல் பரிசு வாங்கிய வீக்கம்

குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவர்களே, சிறுநீரகம் கெட்டு வீங்கியிருந்த குழந்தைக்குக் கொழுகொழு குழந்தைப் போட்டியில் முதல் பரிசு கொடுத்தவர் நீங்கள்.

நான் குழந்தைகளின் சிறுநீரக நோய்களைப் பார்க்கும் டாக்டர். அரசு ஆஸ்பத்திரியில் ஓய்வு பெற்றபின் மந்தைவெளியில் சின்ன கிளினிக் வைத்திருக்கிறேன். நோயை ஸ்கேனில் கண்டுபிடித்திருக்கிறேன், ரத்தத்தில் கண்டுபிடித்திருக்கிறேன். ஃபிளெக்ஸ் பேனரில் கண்டுபிடித்தது இந்த ஒரு தடவைதான். தெருமுனை பேனரில் தலையில் கிரீடத்தோடு மூன்று வயது கவின். இமைகள் வீங்கிக் கண்கள் வெறும் கோடு. கணுக்காலில் சாக்ஸ் அழுத்திய தடம் பள்ளமாகத் தெரிந்தது.

பேனருக்குக் கீழேதான் ஆட்டோ ஸ்டாண்ட். அவன் அப்பா முருகன் அங்கேயே இருந்தார்.

"உன் பையனாப்பா?"

"ஆமா டாக்டரம்மா. பர்ஸ்ட் ப்ரைஸ். கண்ணு வெச்சிடாதீங்கோ."

"நான் வெக்கிறது இருக்கட்டும். அவன் கண்ணு எங்கய்யா?"

சாயங்காலம் மனைவி செல்வியோடு பையனைக் கொண்டுவந்தார்.

"காலைல எந்திரிச்சா மூஞ்சி பூரி மாறி உப்பிக்கீது டாக்டர், சாயந்தரம் அடங்கிடுது. அல்லாரும் க்யூட்டா கீறான்னுதான் சொல்றாங்க" என்றாள் செல்வி.

அவன் சிறுநீரை டெஸ்ட் டியூபில் ஊற்றிச் சூடாக்கினேன். மேலே வெள்ளையாகத் திரண்டது.

"இன்னா டாக்டரம்மா, முட்டை வெள்ளக்கரு மாறி ஆவுது?" என்றார் முருகன்.

"அந்த மாதிரி சத்துதான்யா. உடம்புல நிக்க வேண்டியது ஒண்ணுக்குல போகுது. அதனால தண்ணி தேங்கிக் கெடக்கு. இது சதை இல்ல."

ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தேன், உப்பைக் குறைக்கச் சொன்னேன். சீக்கிரமே நீர் வடிந்து, உள்ளேயிருந்து காரை எலும்பு தெரியும் ஒல்லிப் பையன் ஒருவன் வெளியே வந்தான். எனக்கு மட்டும்தான் சந்தோஷம். "டாக்டரம்மா மெஷின் போட்டு உறிஞ்சிட்டாங்க போலகீது" என்றார் எங்கள் தெரு சலூன்காரர்.

நீங்கள் செல்வியைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னது இது: "கப்பு வாங்கின குழந்தைய இப்டி வாட விட்டுட்டியேம்மா. முதல்ல அந்த மாத்திரைய நிறுத்து. நன்னா நெய் ஊத்தி சாதம் போடு, அப்பளம் பொரிச்சுக் குடு."

படித்தவர் சொல்கிறாரே என்று அவள் நிறுத்தினாள். பையன் மறுபடி வீங்கினான். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து, மூச்சுக்குத் தவித்தபடி அப்பாவின் ஆட்டோவில் வந்து சேர்ந்தான்.

"திரும்ப அழகாயிட்டான்னு நெனச்சேன் டாக்டர். அப்பறம்தான் மூச்சு வாங்குச்சு" என்றாள் செல்வி.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ஆக்சிஜன் வைத்து, நீரை வடித்துக் காப்பாற்றினோம். இப்போது மாத்திரை ஒழுங்காகப் போகிறது. பையன் ஒல்லியாகத் தெருவெல்லாம் ஓடுகிறான்.

இத்தனை வருட வேலையில் கற்றதைச் சொல்கிறேன். குழந்தைக்குக் காலையில் முகம் வீங்கி மாலையில் வடிந்தால், உடனே சிறுநீரைப் பரிசோதியுங்கள். டாக்டர் சொல்லாமல் ஸ்டீராய்டை நிறுத்தாதீர்கள்.

உங்களுக்கு போன் செய்தேன். "லட்டு மாதிரி இருந்தான் டாக்டர், எல்லாரும் கை தட்டினா. இதுல என் தப்பு என்ன இருக்கு?" என்றீர்கள். இந்த வருடப் போட்டிக்கும் நோட்டீஸ் ஒட்டிவிட்டீர்கள்.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு செல்வியைக் கூட்டிக்கொண்டு நான் வருகிறேன். எந்த வைத்தியப் படிப்பை வைத்து மாத்திரையை நிறுத்தச் சொன்னீர்கள்? மைக்கைப் பிடித்து, எல்லோருக்கும் கேட்க, அவளுக்குப் பதில் சொல்லுங்கள்.