கிணறு வற்றக் காத்திருந்தவர்

போன சித்திரையில் ஒரு சனிக்கிழமை, மத்தியானம் மூன்று இருபதுக்கு, மயிலாப்பூரில் என் மைத்துனர் வீட்டுக் கிணற்றின் உட்சுவரில் பதித்திருந்த இரும்புப் படிகளில் ஒன்று என் மகளின் கையோடு பெயர்ந்து வந்துவிட்டது. அவள் அப்போது கிணற்றுக்குள் இருந்தாள். தீயணைப்பு நிலையத்துக்கு நான் பேசிய நேரம் மூன்று இருபத்தொன்று என்று கைப்பேசியில் இருக்கிறது. அதை நான் இன்னும் அழிக்கவில்லை.

மைத்துனர் என்றால் என் மனைவியின் அண்ணன். கல்லூரி நாட்களில் ராக் கிடார் வாசித்தவர். அடையாறில் ஒரு கல்லூரி விழாவில் அவரும் மூன்று நண்பர்களும் மேடை ஏறியபோது, கூட்டத்தில் நானும் தொண்டை கிழியக் கத்தினேன். இவர் தங்கையைத்தான் பிற்பாடு கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று அன்று தெரியாது. டிரம்ஸ்காரர் வெளிநாடு போனார், பாடகர் வங்கியில் சேர்ந்தார், இன்னொருவர் அப்பா கடையில் உட்கார்ந்தார். இவர் மட்டும் கிடாரைச் சுவரில் மாட்டிவிட்டு, வீட்டின் முன்னறையில் மற்றவர்களின் பாட்டைப் பதிவு செய்ய ஆரம்பித்தார். எதிரொலிக்கென்று எல்லோரும் ஒரு கருவி வாங்கி வைத்திருந்த காலம். இவருக்கு அது பிடிக்கவில்லை. "டப்பாக்குள்ள உக்காந்து பாடுற மாதிரி கீது" என்று சொல்லிவிட்டு, பின்கட்டுக் கிணற்றில் ஒரு கூடையில் ஒலிபெருக்கியை இறக்கினார். மேலே ஒரு மைக்கைத் தொங்கவிட்டார். பாடகரின் குரல் கம்பி வழியாகக் கிணற்றுக்குள் போய், சுவரெல்லாம் மோதி, நனைந்து, வேறொரு குரலாகத் திரும்பி வந்தது.

அதிலிருந்து அவர் தொழில் கிணற்றின் கையில் போய்விட்டது. தண்ணீர் ஏறினால் எதிரொலி குட்டை, இறங்கினால் நீளம். மூங்கில் கழியில் அளவு குறித்து, எந்த அளவுக்கு எந்த மாதிரிப் பாட்டு என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். மழைக்காலத்தில் வேகமான பாட்டு மட்டும்தான் எடுப்பார். இசையமைப்பாளர்களின் உதவியாளர்கள் தொலைபேசியில், "சார், கிணறு எப்படி இருக்கு?" என்று விசாரிப்பார்கள். "ரொம்பி வழியுது. உங்க சோகப் பாட்டுக்கு ரெண்டு மாசம் பொறுங்க" என்பார். பொறுத்தார்கள் என்பதுதான் ஆச்சரியம். கோடையில் ஊரே குடத்தோடு லாரித் தண்ணீருக்கு நிற்கும்போது, கிணறு இன்னும் வற்றவில்லையே என்று கவலைப்பட்ட ஒரே மயிலாப்பூர்க்காரர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

என் மகள் பொறியியல் இரண்டாம் ஆண்டு. வீட்டில் அவள் பாட ஆரம்பித்தால் நான் கதவைச் சாத்துவேன். திங்கட்கிழமை ஏதாவது ஒரு தேர்வு எப்போதும் இருக்கும். அன்றும் மாமா வீட்டுக்குப் போயிருந்தவளைப் படிக்க அழைத்துப் போகத்தான் ஸ்கூட்டரில் போனேன். மைத்துனர் பின்கட்டில் ஹெட்ஃபோனோடு மடிக்கணினி முன் உட்கார்ந்திருந்தார். "எங்க அவ?" என்றேன். அவர் விரலால் தரையைக் காட்டினார். அந்த வீட்டில் கீழ்த்தளம் கிடையாது.

எட்டிப் பார்த்தேன். இருபதடிக்குக் கீழே, காய்ந்த மணலில், தலையில் ஹெட்ஃபோன், முகத்துக்கு நேரே தொங்கும் மைக், இடுப்பில் கயிறு, என் ஒரே பெண் கையசைத்தாள். "உடனே மேல வா!" என்று கத்தினேன். "அவசரப்படுத்தாதீங்க மாப்ள" என்று மைத்துனர் எழுந்து வந்து கயிற்றைப் பிடிப்பதற்குள், அவள் பதறிப்போய்த் தலைக்கு மேலிருந்த படியைப் பற்றி எம்பினாள். அது கையோடு வந்தது. மணலில் பொத்தென்று உட்கார்ந்தாள். அந்தச் சத்தத்தைக் கிணறு மூன்று முறை எனக்குச் சொன்னது.

"ஒண்ணும் ஆவலப்பா" என்று கீழிருந்து குரல் வந்தது. மற்ற படிகளை நம்பி ஏறச் சொல்லவோ, கயிற்றால் இழுத்துத் தூக்கவோ எங்கள் இருவருக்கும் தைரியம் இல்லை.

"என் ஐடியாதான் மாப்ள. விளக்கு இறக்கி, காத்து நல்லா இருக்கான்னு பாத்தேன். நானும் ஒரு தபா இறங்கி ஏறினேன். என் கனத்துலதான் படி ஆட்டங்கண்டிருக்கும். திட்டுங்க" என்றார் மைத்துனர்.

"பொய்யி! என் ஐடியாப்பா!" என்றது கிணறு. "மாமா இத்தினி வருசமா ஸ்பீக்கரத்தான இறக்குறாரு. பாடுறவள யாரும் இறக்கினதில்லயே!"

மைத்துனர் தலைகுனிந்தார். "இது எனக்குத் தோணலயேன்னு ரெண்டு நாளா தூக்கமே இல்ல" என்றார். அந்த நிலைமையிலும் அவருக்கு அது ஒரு குறையாக இருந்தது. அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

தீயணைப்பு வண்டி சந்துக்குள் நுழைய முடியாமல் தெருமுனையிலேயே நின்றுவிட்டதாகத் தகவல் வந்தது. நான் கிணற்றைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். மைத்துனர் என்னைப் பிடித்து உட்காரவைத்து, தன் ஹெட்ஃபோனை என் காதில் மாட்டினார். முதலில் மூச்சு மட்டும் கேட்டது. சீரான, அவசரமில்லாத மூச்சு. குழந்தையாக என் தோளில் தூங்கியபோது கேட்டதற்குப் பிறகு அவள் மூச்சை நான் இவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை. பிறகு மெதுவாகப் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தாள். சுவரெல்லாம் சேர்ந்து கூடவே முணுமுணுத்தது. நான் கதவைச் சாத்திய அதே குரல்தான். அது கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

மூன்று ஐம்பதுக்குத் தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர், நீளமான ஏணியைத் தோளில் சுமந்து நடந்தே வந்தார்கள். பெரிய மீசை வைத்த மூத்தவர் கிணற்றுக்குள் குனிந்தார்.

"இன்னாம்மா, அடி கிடி எதுனா பட்டுக்கிச்சா?"

"இல்ல சார். கடைசி ரெண்டு வரி மட்டும் பாக்கி. பாடிட்டு வரட்டா?"

"அதெல்லாம் வேணாம் சார், ஏணிய இறக்குங்க" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்தார். தொங்கிய மைக்கைப் பார்த்தார். மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற மைத்துனரைப் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி, "டேய், ஏணிய சத்தம் போடாம கீழ வைங்கடா" என்றார். என் தோளில் கையை வைத்தார்.

"இன்னா சார் அவசரம்? பொண்ணு பாடி முடிக்கட்டும். நாங்கதான் வந்துட்டம்ல."