கொட்டாவியில் எழுந்த கை

உத்திராபதி இருபத்தாறு வருடம் கடலூர்–சிதம்பரம் தனியார் பஸ் ஓட்டியவர். எதிரே இன்னொரு பஸ் வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து வலக்கையைத் தூக்கிக் காட்டுவது இந்த ரூட் டிரைவர்களின் வழக்கம். பக்கவாதம் வந்ததிலிருந்து, எட்டு மாதமாக அந்தக் கை மடியில் கிடக்கிறது.

ஆலப்பாக்கத்தில் ரோட்டோரம் வீடு. வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறார். கடந்து போகும் பஸ்களில் கைகள் எழுகின்றன. அவரால் பதிலுக்கு எழுப்ப முடியவில்லை. இடக்கையால் காட்ட அவருக்கு மனம் வராது. அந்த ஒரு கையசைப்புக்குத்தான் அவர் ஏங்குகிறார்.

வாதம் வந்த அன்று காலையில் அவரை முதலில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவில்லை. வாதத்துக்குப் புறா ரத்தம் தடவுகிறவரிடம் தூக்கிப் போனார்கள். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்க மருந்து உண்டு. அதை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஒரு புறாவும் செத்தது, அந்த நேரமும் செத்தது. இதைச் சொன்னால் நம்மைத்தான் நாத்திகன் என்று ஏசுவார்கள்.

போன திங்கட்கிழமை அவர் நாற்காலியில் கொட்டாவி விட்டார். மடியிலிருந்த வலக்கை தானாக மார்பளவு எழுந்தது. அந்த நேரம் பார்த்துக் கதிர்வேலின் பஸ் வந்தது. கதிர்வேல் அவரிடம் தொழில் பழகியவன். பஸ்ஸை ஓரங்கட்டிக் கத்தினான்.

"மாமா! பாத்துட்டேன் மாமா! கைய தூக்குனீங்க!"

"போடா மாப்ள, அது கொட்டாவி."

"எனக்கே டூப்பா? சிதம்பரம் ஸ்டாண்டு பூரா சொல்லிடறேன்."

மனைவி மங்கலம் அழுதாள். "மூணு வெள்ளிக்கிழம மந்திரிச்சது வீண்போவல."

புதன்கிழமை அண்ணாமலை நகரில் உடற்பயிற்சி சிகிச்சை தரும் இளமதியிடம் கேட்டார்கள். அவள் பொய் சொல்லவில்லை. "நாம நெனச்சு கைய தூக்கணும்னா, மூளையோட இடப்பக்கத்துலேர்ந்து நரம்பு எறங்கணும். பிடரிகிட்ட வலப்பக்கம் மாறி, தண்டுவடம் வழியா கைக்கு வரணும். உங்களுக்கு அந்த வழி மேலயே, மூளைக்குள்ளயே அடிபட்டிருக்கு. கொட்டாவி அதுக்குக் கீழ, மூளையோட அடித்தண்டுலேர்ந்து கெளம்புது. அது வேற வழி."

"அப்ப என் கையி நல்லாத்தான் இருக்குதா?"

"கை நல்லாத்தான் இருக்கு. உத்தரவுதான் வந்து சேரல. விடாம முயற்சி பண்ணா, தப்பிச்ச நரம்பு கொஞ்சம் வேலை செய்யலாம். எவ்ளோன்னு என்னால சொல்ல முடியாது."

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் கையைத் தூக்கிப் பார்த்தார். கேட்காமல் எழுகிற கை, கெஞ்சினால் எழவில்லை.

மறுநாள் கதிர்வேலின் பஸ் தூரத்தில் தெரிந்ததுமே கையைத் தூக்க முயலத் தொடங்கிவிட்டார். பல்லைக் கடித்தார், கழுத்து நரம்பு புடைத்தது. பஸ் வந்தது, கதிர்வேலின் கை எழுந்தது, பஸ் ஹாரன் அடித்துப் போயிற்று. வேட்டிமேல் அவர் கை அசையவே இல்லை.

புழுதி அடங்கும்போது ஆள்காட்டி விரல் ஒரு நூல் நகர்ந்தது. கொட்டாவி இல்லை. அவர் சொல்லித்தான் நகர்ந்தது.

"மங்கலம், அடுத்த வண்டி எப்ப?"

"பத்து நிமிசமாவும்."

"இப்பவே ஆரம்பிச்சாத்தான் சரியா இருக்கும்" என்று விரலைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.