பேய் வேஷத்துக்கு வீடு பார்க்க வந்தவர்

சர்க்கார் வீட்டுக்கு வீடு இலவச டிவி கொடுத்துக்கொண்டிருந்த சமயம். சினிமா கம்பெனி மேனேஜர் ஒருவர் காரில் வந்து பெரிய வீட்டைச் சுற்றிப் பார்த்தார். வீட்டுக்காரர்கள் மெட்ராஸ் போய் முப்பது வருஷத்துக்கு மேல். நான் மட்டும் அங்கே இருந்தேன்.

பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப் படம் ஒன்றை மறுபடி எடுக்கிறார்களாம். பேய் வேஷத்துக்கு ஒரு நடிகையைக் கேட்டிருக்கிறார்கள். டில்லி வரை போய் விருது வாங்கியவர். வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்றுவிட்டாராம்.

மேனேஜர் தன் செல்போனை என்னிடம் நீட்டினார். பேசியது வீட்டுக்காரரின் மகன். சின்னய்யா என்று கூப்பிடுவேன்.

"அந்தம்மா ஒத்துக்கிட்டா மூணு மாசம் ஷூட்டிங். வீடு நிக்கும். நீயும் இருந்துக்க. இல்லேன்னா பிரிச்சுட வேண்டியதுதான். தேக்குத் தூணுக்கெல்லாம் காரைக்குடியில ஆள் சொல்லி வச்சிருக்கேன்."

"சரிங்க" என்றேன்.

மேனேஜர் செல்லை வாங்கிக்கொண்டு சொன்னார்: "பெரியம்மா, இங்க பேய் நடமாடுதுன்னு ஊரே சொல்லுது. அதக் கேட்டுத்தான் அந்த நடிகைக்கே ஆச வந்துச்சு. உங்கள ஏதாச்சும் கேட்டா, மாடியில நடக்கற சத்தம் கேக்கும்னு சொல்லுங்க."

"அது நான் நடக்கறதுங்க."

"அதச் சொல்லிடாதீங்க" என்று சிரித்தார்.

அந்தப் பேய் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும்.

போராட்டக் காலம். கூலிக்கும் குத்தகைக்கும் ஊரெல்லாம் கொடி. நிலத்துக்காரர் ஊரோடு இருந்து சொந்தச் சாகுபடி செய்தால் நிலம் அவர் கையில் நிற்கும், இல்லை என்றால் குத்தகைக்காரன் பேரில் பதிவாகிவிடும் என்று பேச்சு. சின்னய்யாவின் அப்பா குடும்பத்தோடு மெட்ராஸ் கிளம்பினார். அவரை ஐயா என்போம். போகும்போது என்னைக் கூப்பிட்டார். என் புருஷன் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது.

"நாங்க இருக்கற மாதிரியே இருக்கணும்" என்றார்.

அதுதான் வேலை. காலையில் மாடி ஜன்னல்களைத் திறப்பேன். ஐயாவின் வேட்டி, அம்மாவின் புடவை, பிள்ளைகளின் கவுன், டிராயர் எல்லாவற்றையும் அலசி மாடிக் கொடியில் போடுவேன். யாரும் உடுத்தாத துணி. பொழுது சாயும்போது எடுத்து மடிப்பேன். அறை அறையாக விளக்கு வைப்பேன். வாசலில் நாலு ஜோடி செருப்பு கிடக்கும். அவற்றை அவ்வப்போது இடம் மாற்றிப் போடுவேன்.

தாலுகா ஆபீசில் விசாரணை நடந்தது. ஐயா இங்கேதான் இருக்கிறார் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். எதிரே நின்ற குத்தகைக்காரன் என் அண்ணன். நாலு மா நிலம். அதற்குப் பிறகு அதில் அவன் ஏர் இறங்கவில்லை. என்னிடம் பேசவும் இல்லை. அவன் செத்த அன்று போனேன். பெண்கள் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

கேஸ் முடிந்த பிறகும் துணி அலசினேன். நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. கவுன் போட்ட பெண்ணுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. ஒவ்வொன்றாக நைந்து, அம்மாவின் புடவை ஒன்று மிஞ்சியது. அம்மா மெட்ராஸில் சர்க்கரை வியாதியில் போய்ச் சேர்ந்தார்கள். நான் புடவையை அலசிக் கொடியில் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். செத்தவள் புடவை தினமும் காய்கிறது என்று ஊர் பேச ஆரம்பித்தது. பொழுது சாய்ந்தால் அந்தத் தெருவில் ஆள் வராது.

நடிகை ஒரு நாள் காலை பத்து மணிக்கு வந்தார். மேனேஜரைக் கீழேயே நிறுத்திவிட்டு என் பின்னால் மாடிக்கு வந்தார். கொடியில் கைவைத்தார். புடவை ஈரமாக இருந்தது.

"செத்துப்போனவங்க புடவை காயுதுன்னு சொன்னாங்களே, இதானாம்மா?"

"இதாங்க."

"யாரு காயப் போடறது?"

கீழே மேனேஜர் காரில் சாய்ந்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்றால் போதும். வீடு நிற்கும். எனக்கு அண்ணன் தாலுகா ஆபீசில் நின்றது ஞாபகம் வந்தது.

"நான்தாங்க" என்றேன்.

"எதுக்கு?"

சொன்னேன். அண்ணன் விஷயம் வரை சொன்னேன். அவ்வளவு பேசி வருஷக்கணக்காகிவிட்டது. அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து முழுக்கக் கேட்டார்.

"இவங்க என்ன கதை பண்ணிருக்காங்க தெரியுமா? குத்தகைக்காரங்க சேந்து வீட்டம்மாவக் கொன்னுடறாங்க. அவங்க பேயா வந்து ஒவ்வொருத்தனா கொல்றாங்க."

"இங்க யாரும் யாரையும் கொல்லலைங்க."

"நான் நடிச்சா உங்க அண்ணனையும் சேத்துல்ல கொல்லணும்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "நான் மாட்டேன்னு சொன்னா உங்களுக்கு என்ன ஆகும்?"

"வீட்டப் பிரிப்பாங்க."

"நீங்க?"

"வேற எடம் பாக்கணும்."

"ஒத்துக்கன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா?"

"உங்க வேலைங்க அது. நான் என்ன சொல்றது?"

என் கையைப் பிடித்தார். கொஞ்ச நேரம் விடவில்லை. அப்புறம் இறங்கிப் போனார். மேனேஜரிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

மேனேஜர் வாசல் வரை வந்தார். "ஒரே ஒரு பொய், பெரியம்மா. வாயில வரலையா?"

"முன்னாடி ஒரு தடவ வந்துச்சுங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை.

அறுப்பு முடிந்ததும் வீட்டைப் பிரித்தார்கள். தூண்களை லாரியில் ஏற்ற மூன்று நாள் ஆனது. நான் வேளாங்கண்ணிக்கு வந்துவிட்டேன். ஒரு லாட்ஜில் அறை பெருக்கும் வேலை. மாடிப்படிக்குக் கீழே படுக்கை. வருகிறவர்கள் இரண்டு நாளில் போய்விடுவார்கள். முகம் பழகுவதில்லை.

அந்தப் படத்தை வேறு நடிகையை வைத்து, வேறு ஊரில் எடுத்தார்கள். லாட்ஜ் டிவியில் ஒரு மத்தியானம் ஓடியது. உட்கார்ந்து பார்த்தேன். முதல் குத்தகைக்காரன் வாய்க்காலில் செத்துக் கிடந்தான். இரண்டாமவன் களத்தில். மூன்றாமவன் வரும்போது பதினாலாம் நம்பர் அறையைக் காலி செய்துவிட்டார்கள் என்று கூப்பிட்டார்கள். எழுந்து போனேன்.