எட்டுக்கு ஒன்றாய் வற்றிய சால்வியா

ஒலிவாங்கியைத் தொடுமுன் குகதாசன் அண்ணா இரண்டு தரம் செருமுவார். இருபது வருடமாக எங்கள் தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு அவர்தான் அறிவிப்பாளர். மற்ற நாட்களில், நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் நகரின் ஸ்டோவ்னர் பக்கம் பேருந்து ஓட்டுகிறார். அங்கே அவர் குரலை யாரும் கேட்பதில்லை. அதனால் அந்த ஒரு நாள் அவருக்குப் பெரிது.

போன வருடம் போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சால்வியா என்கிற மூலிகை இலை நல்லது, தங்கள் கடற்கரை ஊர்களில் எல்லாரும் குடிப்பார்கள் என்று துருக்கிக் கடைக்காரர் சொன்னாராம். ஐந்து பொதி வாங்கி வந்தார். ஒரு கோப்பை வெந்நீருக்கு ஒரு கரண்டி இலை என்று பொதியில் எழுதியிருந்தது. அது அவருக்குக் காணாது. மல்லிக் குடிநீர் அவிப்பதுபோல எட்டுக் கோப்பைத் தண்ணீர் விட்டு, ஒன்றாய் வற்றும்வரை காய்ச்சினார்.

நான் அவர் மனைவி கஜேந்தினி அக்காவோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கீழ் வீட்டு ஹரிப்ரியா மணம் பிடித்து மேலே வந்தாள். மதுரைப் பெண், பல்கலைக்கழகத்தில் மூலிகைச் சாறுகளை ஆராய்கிறவள்.

“என்னண்ணா, தார் காய்ச்சுறீங்களா?”

“மருந்து, பிள்ளை.” காற்றுத்தான் வந்தது.

“எவ்வளவு இலை?”

“அஞ்சு பொதியும்.”

“இதை முழுசாவா குடிக்கப் போறீங்க?”

“ஓம். மூண்டு நாள்தானே கிடக்கு.”

அவள் அடுப்பை அணைத்தாள். “இலை நல்லதுதாண்ணா. லேப்ல செல்லு மேல கொஞ்சமா விட்டா வீக்கம் குறையுது. கூட்டிக்கிட்டே போனா செல்லே செத்துடுது. இதுல துஜோன்னு ஒரு நச்சுப்பொருள் இருக்கு, ரொம்ப அதிகமானா வலிப்புகூட வரலாம். பொதியில போட்ட அளவுல போட்டு, வாய் கொப்பளிச்சுத் துப்புங்க.”

“துப்புறதுக்கோ மருந்து?”

“கதைக்காமலும் இருங்கோ,” என்றார் அக்கா. “வீட்டுக்கும் மூண்டு நாள் லீவு.”

சட்டியில் இருந்ததை அக்காவே கழுவுதொட்டியில் ஊற்றினார். அண்ணா பொதி அளவில் புதிதாய் ஊறவைத்துக் கொப்பளித்தார், மூன்று நாளும் பேசவில்லை. குரல் பாதி திரும்பியது. போட்டியன்று மத்தியானம்வரை தாங்கியது. அஞ்சல் ஓட்டம் தொடங்கும்போது மறுபடி போய்விட்டது. மைதானம் காத்திருந்தது. அவர் ஒலிவாங்கியை அக்காவிடம் நீட்டினார்.

அக்கா வெற்றி பெற்றவர்களை மட்டுமல்ல, பின்னால் வந்தவர்களையும் கூப்பிட்டார். “கடைசியா வாற மோனே, சப்பாத்து நாடாவைக் கட்டிப்போட்டு ஓடு, நாங்கள் நிக்கிறம்.” சனம் சிரித்துக்கொண்டு கைதட்டியது. அண்ணா பக்கத்தில் இருந்து பெயர்களை எழுதி எழுதி நீட்டினார்.

இந்த வருடத்திலிருந்து காலை அறிவிப்பு அண்ணாவுடையது. மத்தியானத்துக்குப் பிறகு அக்காவுடையது.